வேற்றில்லத்துப் பிள்ளைகள்

சிறுவர்க்கென எழுதப்பட்ட கதைகளைக் கலாசாலை மாணவர் படித்தல் தகுமோ என்று எம்மை வினவியவர் உளர். தொல்காப்பியமும் அதன் உரைகளும் மேசைமீது காத்துக் கிடக்க, பத்து வயதுப் பாலகர்க்குரிய ஆங்கில நவீனங்களை நூல்நிலையத்தின் ஒரு மூலையில் அமர்ந்து படிப்பது சிறப்புத் தமிழ் பயிலும் ஒருவர்க்கு அடாத செயலென்று நண்பர் ஒருவர் கடிந்தும் கொண்டார். யாம் அவர்க்கு விடையிறுத்திலேம். பிறர்க்குச் சொல்லும்பொருட்டு அந்நூல்களைப் படிக்கத் தொடங்கினோம் என்பதும், பின்னர் எம்பொருட்டே படித்து முடித்தோம் என்பதும் இக்கட்டுரையால் அவர்க்குப் புலனாகுமென நம்புகின்றோம்.

யாம் கூறப்புகுவன, இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தின் பெருநகரங்களினின்று நாட்டுப்புறத்திற்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கதைகள். அப்பிள்ளைகளைத் தமிழில் எச்சொல்லால் வழங்குவது என்பதிலேயே எமக்கு முதல் இடர்ப்பாடு தோன்றிற்று. அகதி என்போமாயின், புகலற்றவர் என்று பொருள்படும். இவர்க்கோ புகலிடம் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. வெளியேற்றப்பட்டோர் என்போமாயின், குற்றஞ் செய்து துரத்தப்பட்டார் போலத் தோன்றும். ஆதலின் சொல்லாராய்ச்சியை விடுத்து, பிள்ளைகள் என்றே கூறிச் செல்கின்றோம்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று விடியற்காலையில் ஜெர்மானியப் படை போலந்து தேசத்தினுள் புகுந்தது. பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது 3ஆம் நாளிலேதான். ஆயினும் முதல் நாளன்றே லண்டன் முதலிய பட்டணங்களின் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் புகைவண்டி நிலையங்களை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டனர். மூன்று நாட்களுக்குள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவருள் 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து ஆசிரியரோடு சென்ற பள்ளிச் சிறுவர். ஏனையோர் இளங்குழந்தைகளோடு சென்ற தாய்மார், கருவுற்ற மகளிர், ஆசிரியர், உதவியாளர் முதலியோர். ஒவ்வொரு பிள்ளையின் மேலங்கியிலும் பெயரெழுதிய சீட்டு ஒன்று கட்டப்பட்டிருந்தது. தோளிலே நச்சுவாயு முகமூடி அடங்கிய அட்டைப்பெட்டி தொங்கிற்று. எவ்வூருக்குச் செல்கின்றனர் என்பது வழியனுப்பிய தாய்மார் பலர்க்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தபின் பிள்ளை எழுதும் அஞ்சலட்டையைக் கண்டே தம் மகவு எங்குளது என்பதை அறிந்தனர். இத்திட்டத்திற்கு அரசாங்கத்தார் இட்ட பெயர், குழலூதி ஓர் ஊரின் குழந்தைகளையெல்லாம் அழைத்துச் சென்ற பழங்கதைக் குழலோனின் பெயர். அக்குழந்தைகள் பெற்றோரிடம் மீண்டும் வந்து சேர்ந்திலர் என்பதைப் பெயரிட்டவர் மறந்தனர் போலும்.

பிள்ளைகளை ஏற்ற வீட்டார்க்கு அரசாங்கம் உதவித்தொகை அளித்தது. ஒரு பிள்ளையாயின் வாரத்திற்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ். ஒன்றின் மேற்பட்டால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். எதிர்பார்த்த குண்டுகள் உடனே விழுந்தில. ஆகவே 1940 ஜனவரிக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் பட்டணங்களுக்கே திரும்பிவிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் லண்டன்மீது மெய்யாகவே குண்டுமாரி பொழிந்தபோது மறுபடியும் ஒரு பிரிவு நேர்ந்தது.

இவையெல்லாம் சரித்திர நூல்களில் உள்ளவை. சரித்திர நூல் ஓரிரு வரியிற் கூறிக் கடந்துவிடும் ஒரு செய்தியிலேதான் கதை நூல்களின் உயிர் இருக்கின்றது. புகைவண்டியினின்று இறங்கிய பிள்ளைகளை ஊர்ப் பொதுமண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ நிறுத்துவர். ஊரார் வந்து பார்ப்பர். வலிய கைகளையுடைய சிறுவனை வயல்வேலைக்கு உதவுவான் என்று ஒருவர் கொள்வார். தூய உடையணிந்த சிறுமியை மற்றொருவர் கொள்வார். தம்பியின் கையை விடமாட்டேன் என்று நிற்கும் தமக்கையும், மூக்கொழுகும் பிள்ளையும், தலையிற் பேனுடைய பிள்ளையும் நின்றுகொண்டேயிருப்பர். மண்டபம் ஒழிய ஒழிய, எஞ்சி நிற்பவரின் முகம் எவ்வாறிருந்திருக்கும்! பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் வேளிர் வாயில்தோறும் சென்ற வரலாற்றைப் புறநானூற்றிலே பயின்றவர்க்கு இது புதிதன்று. விச்சிக்கோவும் இருங்கோவேளும் மறுத்தபோது அப்பெண்கள் என் செய்தனர், எங்கே பார்த்துக்கொண்டு நின்றனர் என்பதைப் பாட்டுக்கள் கூறுவதில்லை. இவ்வாங்கிலக் கதைகளோ மறுக்கப்பட்ட பிள்ளையின் நெஞ்சிலிருந்தே அக்காட்சியைக் காண்கின்றன.

அந்த யுத்தம் நம் பக்கத்தையும் தீண்டாமற் போகவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கியபின் சென்னைப் பட்டணத்து மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறினர். ஆனால் அது குடும்பம் குடும்பமாகச் சென்ற செலவு. சொந்த ஊரையும் சுற்றத்தார் வீட்டையும் தேடிச் சென்றவர் பலர். தாயின்றித் தனியே, முகமறியாதார் வீட்டு வாயிலில் நின்ற பிள்ளைகளின் நிலை வேறு.

இனி நூல்களைக் காண்போம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இப்பொருள்பற்றிக் கதைகள் தோன்றிவிட்டன. ரிச்மல் குராம்டன் அம்மையார் தம் குறும்புக்கார வில்லியத்தை வைத்து 1940இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இப்பிள்ளைகள் இடம்பெற்றனர். அதே ஆண்டு கிட்டி பார்ன் அம்மையாரின் 'லண்டனிலிருந்து வந்த விருந்தினர்' வெளிவந்து கார்னெகி பதக்கம் பெற்றது. விருந்தினர் என்னும் தலைப்பைக் கருதுக. வந்தவரை வீட்டார் எவ்வாறு காண்கின்றனர் என்பதே அக்காலக் கதைகளின் நோக்கு. நகைச்சுவை மிகுதி, ஊக்கம் மிகுதி, கண்ணீர் குறைவு. யுத்தகாலத்திலே வேறு விதமாக எழுதுதல் எளிதன்று என்பதை உணர்ந்தோர் அவ்வாசிரியர்களைக் குறை கூறார்.

சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியாக் கதையை நம் கலாசாலையில் அறியாதார் இலர். பெவென்ஸி குடும்பத்து நால்வர் வான்தாக்குதலுக்கு அஞ்சி லண்டனிலிருந்து ஒரு பேராசிரியரின் பெரிய வீட்டிற்கு அனுப்பப்பட்டவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? லூயிஸின் இல்லத்திலேயே 1939இல் இவ்வாறு வந்த பள்ளிச் சிறுமியர் தங்கியிருந்தனர். ஆயினும் அவர் கதையில் யுத்தம் ஓர் வாயிற்படியே. அதனைத் தாண்டியவுடன் உடையலமாரியின் கதவு திறந்துகொள்கிறது. இதனினும் மிகுதியாக அந்நூலைப்பற்றி ஈண்டுப் பேசவேண்டுவதில்லை.

உண்மையிலேயே அப்பிள்ளைகளின் கதை என்று சொல்லத்தக்கது தோன்ற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1973இல் நீனா பாடன் அம்மையாரின் 'கேரியின் யுத்தம்' வெளிவந்தது. 1925இல் பிறந்த அவ்வம்மையார் தாமே யுத்தகாலத்தில் லண்டனிலிருந்து அனுப்பப்பட்டு, வேல்ஸ் தேசத்து அபெர்டேர் என்னும் சுரங்க ஊரில் வாழ்ந்தவர். கதையிலே கேரி என்னும் பெண்ணும் அவள் தம்பி நிக்கும் இத்தகைய ஓர் ஊருக்கே செல்கின்றனர். மளிகைக் கடை வைத்திருக்கும் ஈவான்ஸ் என்பவர் வீட்டில், அவருக்கு அஞ்சி அஞ்சி வாழும் தங்கை லூ இவர்களை ஏற்கின்றாள். வீட்டின் மாடிப்படியில் புதிதாய் விரித்த கம்பளம் ஒன்று. அது தேய்ந்துவிடுமாம், ஆகையாற் பிள்ளைகள் அடிக்கடி ஏறி இறங்கலாகாது. பெரிய கொடுமைகளைக் காட்டிலும் இக்கம்பளம் எம் நினைவில் நிலைத்துவிட்டது. அயலார் வீடு என்பது யாது என ஒரு குழந்தைக்கு உணர்த்த இதனினும் வேறு வேண்டுமோ? கடையிலிருந்து பிஸ்கோத்து எடுத்துத் தின்ற நிக்கை ஈவான்ஸ் அடிக்கப் புகும்போது, பசித்தமையாற் களவு செய்தேன் என்று பள்ளியிலே சொல்லிவிடுவேன் என்கின்றான் அச்சிறுவன். ஊரார் மெச்சும் பக்திமானாகிய அவருடைய கை அங்கே தாழ்கின்றது.

ஊருக்குப் புறத்தே, காட்டினடியில் பழைய வீடு ஒன்றுண்டு. அங்கே ஈவான்ஸ் உறவு முறித்துக்கொண்ட அவர் தமக்கை நோயுற்றுக் கிடக்கின்றாள். அவளைப் பேணுபவள் ஹெப்சிபா என்னும் பணிப்பெண். சொல் குழறும் ஜானி என்பவரும் அவள் அரவணைப்பிலேயே வாழ்கின்றார். பிள்ளைகளிருவரும் அவ்வீட்டு அடுக்களையிற் புகுந்தவுடன் குளிர் நீங்கியவர்போல் ஆகின்றனர். ஹெப்சிபா என்னும் பெயர் நம் தமிழ் வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் எப்சிபா என வருவது. கைவிடப்பட்டது என்று பெயர் பெற்றிருந்த நகரத்திற்கு, அப்பெயர் நீங்கி இப்பெயர் வழங்கும் என்பது அத்தீர்க்கதரிசனத்தின் கருத்து. நூலாசிரியை இதனை எண்ணியே பெயரிட்டாரோ, அன்றோ, அறியேம். எண்ணாமலே இட்டிருப்பின் அது இன்னும் வியப்பு.

ஆயினும் பாடன் அம்மையார் ஈவான்ஸை அரக்கராக்கிவிடவில்லை. சுரங்க விபத்தில் தந்தையை இழந்து, தன் முயற்சியாலேயே தலையெடுத்து, அன்பு செலுத்த அறியாது தனிமையுற்ற மனிதர் அவர் என்பதைக் கேரி சிறுகச் சிறுக உணர்கின்றாள். தம்பிக்கு அவர்மீது வெறுப்பு, அவளுக்கோ இரக்கம். எதிரெதிரான இவ்விரு உணர்ச்சியும் ஒரே வீட்டில், ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதைக் காட்டிய திறமே எமக்கு இந்நூலின் சிறப்பெனத் தோன்றிற்று. பின்னர் ஓர் ஐயத்தினால் உண்டான சினத்தில், அப்பழைய வீட்டின் காவலாகக் கருதப்பட்ட மண்டையோட்டைக் கேரி குளத்தில் எறிந்துவிடுகின்றாள். அவ்வூரை விட்டுப் புகைவண்டியிற் செல்லும்போது அவ்வீடு தீப்பற்றியெரிவதைக் காண்கின்றாள். தன்னாலேயே எரிந்தது என்று எண்ணி முப்பது ஆண்டு ஒருவரிடமும் வாய்திறவாது வாழ்கின்றாள். கணவனையிழந்து, தன் மக்களோடு அவ்வூருக்கு மீளும்போதே கதை வெளிப்படுகின்றது. கேரியின் முப்பதாண்டு மௌனமும், இத்தகைய நூல் தோன்றக் கழிந்த முப்பதாண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதை நோக்குக. பிள்ளைகளாயிருந்தவர் வளர்ந்து, தம் வாயாலே சொல்லத் துணிந்த பின்னரே உண்மை எழுத்தாயிற்று.

மிஷெல் மகோரியன் அம்மையாரோ யுத்தம் முடிந்தபின், 1947இல் பிறந்தவர். அவருடைய 'குட்நைட் மிஸ்டர் டாம்' 1981இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கார்டியன் பரிசு பெற்றது. லண்டன் டெப்ட்போர்டிலிருந்து வந்த வில்லி பீச் என்னும் மெலிந்த சிறுவன், லிட்டில் வியர்வோல்டு என்னும் சிற்றூரில் டாம் ஓக்லி என்னும் முதியவர் வாயிலில் நிறுத்தப்படுகின்றான். பலவாண்டுகளுக்கு முன் மனைவியையும் மகவையும் ஒருசேர இழந்து, அன்று முதல் ஊரோடு ஒட்டாமல் வாழ்பவர் அவர். சிறுவனின் உடலெங்கும் தழும்பு. குளிர்காலம் முழுதும் கழற்றாதபடி உள்ளாடையை அவன் உடலோடு தைத்து அனுப்பியிருக்கின்றாள் தாய். அவன் பையிலே ஒரு தோல்வாரும், அவன் தீமை செய்யுங்கால் அதனை வழங்குமாறு எழுதிய கடிதமும் உள்ளன. கட்டிலில் உறங்கியறியாத பிள்ளை கட்டிலின் கீழே போய்ப் படுக்கின்றான்; இரவில் படுக்கையை நனைக்கின்றான். டாம் செய்வது யாது? துணியைத் துவைத்துக் காயவைக்கின்றார். மறுநாளும் துவைக்கின்றார். அவ்வளவே.

அவ்வளவே என்றோம், ஆயின் அதுவே இக்கதைகளின் நடுவிடம் என்பது எம் துணிபு. நாட்டுப்புறத்துத் தூய காற்றும், பசும்பாலும், காட்டுமலரும் பிள்ளையைத் தேற்றின என்று இந்நூல்களைப் பாராட்டுவோர் உளர். காற்றும் பாலும் கேரிக்கும் கிடைத்தன. மாடிப்படிக் கம்பளம் அவற்றையெல்லாம் கெடுத்துவிட்டது. அச்சத்தைக் கண்டும் அதனைக் குற்றமாக்காத ஒருவர் வீட்டிலேதான் பிள்ளை உறங்கக் கற்கின்றான். வில்லி எழுதவும் படிக்கவும் கற்றதும், சித்திரம் தீட்டத் தொடங்கியதும், ஸாக் என்னும் தோழனைப் பெற்றதும் எல்லாம் அத்துவைத்த துணிக்குப் பின்னரே. மனைவிக்கு உவப்பாயிருந்த வண்ணக்கடையினுள், நாற்பதாண்டுக்குப் பின் டாம் இச்சிறுவன்பொருட்டு நுழைகின்றார். தேறியவன் சிறுவன் மட்டுமல்லன்.

ஆன்னா பிராய்டு அம்மையாரும் டாரத்தி பர்லிங்ஹாம் அம்மையாரும் யுத்தகாலத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தி, தாம் கண்டவற்றை 1943இல் நூலாக வெளியிட்டனர். இளங்குழந்தையைக் குண்டுவீச்சு கலக்கியதைவிடத் தாயைப் பிரிந்த பிரிவே மிகுதியாகக் கலக்கிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு. உயிரைக் காத்த திட்டம் தவறு என்று இதனால் யாம் கூறவில்லை. மோசேயின் தாயும் மகவைக் காப்பாற்றவே நாணற்பெட்டியில் இட்டு ஆற்றோரம் வைத்தாள். ஆயின் அவள் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடவில்லை. என்ன ஆகுமென்று பார்க்கத் தமக்கையைத் தூரத்தில் நிறுத்தினாள். தூரத்தில் நின்று பார்ப்பார் இல்லாத பெட்டிகள் 1939இல் பல.

இனி, இந்நூல்கள் எம் நெஞ்சை உறுத்திய இடத்திற்கு வருகின்றோம். வில்லியின் தாய் தன் மகனைத் தெய்வபயமுள்ளவர் வீட்டில் அல்லது தேவாலயத்தின் அருகில் வைக்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டவள். பாவம் என்னும் சொல் அவள் நாவைவிட்டு நீங்குவதில்லை. ஈவான்ஸும் தவறாது சபைக்குச் செல்பவர். 2015இல் அமெரிக்க ஆசிரியை கிம்பர்லி புரூபேக்கர் பிராட்லி எழுதிய 'என் உயிரைக் காத்த யுத்தம்' என்னும் நூலிலே, பிள்ளைகளை ஏற்கும் சூசன் ஸ்மித் என்பவளும் குருவானவராகிய தந்தையால் ஒதுக்கப்பட்டவளே. ஞானப்பாட்டின் ஒலியிலேயே வளர்ந்த எமக்கு இவற்றைப் படிக்கப் படிக்க முகம் சுருங்கிற்று. இவை மார்க்கத்தைப் பழிக்கும் நூல்கள். சபைப் பிள்ளைகளுக்கு ஏலா என்றார், யாம் மதிக்கும் பெரியவர் ஒருவர். அவர் சொல்லைத் தட்டிப்பேசும் வயது எமக்கில்லை. ஆயினும் எம் மனம் அதற்கு உடன்பட்டிலது. என்னை? அத்தாய் கேட்டுக்கொண்டபடியே பிள்ளை தேவாலயத்தின் அருகிலேதான் வைக்கப்பட்டான்! டாமின் வீடு கல்லறைத் தோட்டத்தை அடுத்தது. சிறுவனை அவரிடம் விட்டதற்கு அதுவே காரணம். அவள் எதை வேண்டினாளோ அது, அவள் எண்ணாத வகையில், அருளப்பட்டது. டாம் வேதக்கதைகளை அவனுக்கு வாசித்துக் காட்டுகின்றார். அதே புத்தகம் ஒரு வீட்டில் வாராகவும் மற்றொரு வீட்டில் விளக்காகவும் இருக்கின்றது. இதனைச் சிறுவர்க்கு மறைப்பதால் மார்க்கம் காக்கப்படும் என்று எமக்குத் தோன்றவில்லை.

தமிழ் அகநூல்களில் நற்றாய், செவிலி என இருவகைத் தாயர் உண்டு. தொல்காப்பியனார் அவ்விருவரையும் தம் கூற்றுக்குரியோருள் வைத்தார்; செவிலி நற்றாய்க்குப் பதிலியல்லள், தானும் ஒரு தாயே. தலைவி உடன்போக்கிற் சென்றபின் இருவரும் இரங்குகின்றனர். வெறிச்சோடிய மனையும், அவள் விளையாடிய இடமும் அவர் வாய்மொழியிலேயே நமக்குத் தெரியவருகின்றன. ஆங்கிலக் கதைகளில் நிலைமை தலைகீழ். சென்ற பிள்ளையின் குரலைக் கேட்கின்றோம். செவிலியாக நின்றோரின் நெஞ்சையும் ஓரளவு காண்கின்றோம். நற்றாயின் இரங்கலோ பெரும்பாலும் கேட்பதில்லை. கேரியின் தாய் மருத்துவ ஊர்தி ஓட்டும் யுத்தப் பணியினிடையே ஒருமுறை வந்து காண்கின்றாள். அவள் கலங்குவாளே என்று பிள்ளைகள் தம் துன்பத்தை மறைத்துவிடுகின்றனர். அவள் வண்டியேறித் திரும்பும்போது என்ன எண்ணினாள்? நூல் கூறவில்லை. அதனைப் பாடப் பாலைத்திணைப் புலவர் ஒருவர் வேண்டும்.

தொடக்கத்தில், பிறர்க்குச் சொல்லும்பொருட்டு இந்நூல்களைப் படித்தோம் என்றோம். எம் கலாசாலை மாணவர் சிலர் சனிக்கிழமை மாலைதோறும் அண்மையிலுள்ள ஒரு பிள்ளைகள் விடுதிக்குச் சென்று கதை சொல்வது வழக்கம். அங்கே உள்ளவருட் சிலர் தாய்தந்தையரை இழந்தவர். சிலர்க்குப் பெற்றோர் இருந்தும் தொலைவிற் பிழைக்கச் சென்றுவிட்டனர். இவ்வாண்டு வில்லியின் கதையை ஐந்து வாரம் தொடர்ந்து சொன்னோம். லண்டனுக்குத் திரும்பிய வில்லியை அவன் தாய் சிறு குழந்தையோடு கட்டி அடைத்துவைக்கும் பகுதி நெருங்க நெருங்க எமக்கு அச்சம் மிகுந்தது. தாயை நினைத்தே உறங்கும் பிள்ளைகளிடம் இதனை எங்ஙனம் சொல்வது? விட்டுவிடுவதா? உடன்வந்த நண்பரோடு ஒரு வாரம் இதுபற்றியே வாதாடினோம். இறுதியில், அவள் மனநோயுற்றவள் என்பதை முன்வைத்துச் சொல்வதென்று முடிவு செய்தோம். நூலின் கருத்தும் அதுவே.

சொன்னோம். அறை அமைதியாயிருந்தது. முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி, "மிஸ்டர் டாம் அவ்வளவு நல்லாப் பார்த்துக்கிட்டாரே, அவன் ஏண்ணா திரும்பிப் போனான்?" என்று கேட்டாள். நாங்கள் விடை தேடுமுன், அவளின் மூத்த பிள்ளையொருத்தி அவளைத் திரும்பிப் பார்த்து, "அம்மா கூப்பிட்டா போகாம இருப்பானா?" என்றாள். அவ்வளவில் அவ்வழக்கு முடிந்தது. அக்கதையைப் படித்த காலத்தில் வில்லி திரும்பிச் சென்றதை எண்ணி யாம் கொண்ட கோபமெல்லாம் அவ்வொரு சொல்லால் அடங்கிற்று. டாம் நாயை அழைத்துக்கொண்டு லண்டன் சென்று வில்லியை மீட்டதும், பின்னர் மருத்துவமனையிலிருந்து எவருமறியாது அவனைத் தம் ஊருக்குக் கொண்டு வந்ததும் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. தோழன் ஸாக் லண்டனிற் குண்டுவீச்சில் இறந்ததைக் கூறியபோது இரண்டொருவர் அழுதனர். ஆயினும், எந்தப் பகுதியை மறுபடி சொல்லவேண்டும் என்று கேட்டபோது, ஒருநாளும் வாய்திறவாத ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "கதவைத் திறக்கிற இடம்" என்றான். முதல் நாள், வேண்டாவெறுப்பாக, யார் வந்திருக்கின்றனர் என்று டாம் கதவைத் திறக்கும் இடம். கதையிலே அது மிகச் சிறிய பகுதி. அதனை மூன்று முறை சொல்லவேண்டியதாயிற்று.

அடுத்து என்ன கதை என்று கேட்டனர். பிராட்லி அம்மையாரின் நூலைத் தெரிந்துகொண்டுள்ளோம். அதன் தலைவியின் பெயர் ஏடா. கால் வளைந்து பிறந்தமையால் தாய் அவளை வெளியே விடாமல் ஓர் அறையிலேயே வைத்திருந்தாள். தாயறியாது தானாகவே நடக்கப் பழகிய ஏடா, தம்பி ஊருக்கு அனுப்பப்படுவதை அறிந்து, அவனோடு புகைவண்டி ஏறிவிடுகின்றாள். கெண்ட் மாகாணத்துச் சிற்றூரில் இவ்விருவரையும் ஒருவரும் ஏற்கவில்லை. பிள்ளைகளே வேண்டா என்னும் சூசன் வீட்டிற் கொண்டுபோய் விடுகின்றனர். அவள் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கென்று பச்சை வெல்வெட்டு ஆடையொன்றைத் தைத்துத் தரும்போது, ஏடா மகிழ்வதில்லை, அலறுகின்றாள். அன்பை ஏற்றுப் பழகாதவர்க்கு அதுவும் ஓர் அடிபோலத் தோன்றும் என்பதை இத்துணைத் தெளிவாக யாண்டும் யாம் படித்திலேம். இதனை எங்ஙனம் சொல்வதென்று இன்னும் முடிவு செய்திலேம். பிள்ளைகளுக்கோ இப்போதைக்குப் பெயரே போதுமானதாயிருக்கின்றது. ஒருவரையொருவர் "ஏடா" என்று விளித்துச் சிரிக்கின்றனர். அக்கதையிலே மட்டக்குதிரை ஒன்று உண்டு என்பதை எவரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டனர். அதன் பெயர் என்ன, அது கடிக்குமா என்று கேட்டார்கள். பெயர் 'வெண்ணெய்' என்றோம். கடிக்குமா என்பதை வருஞ் சனிக்கிழமை சொல்லுவதாகக் கூறி வந்துள்ளோம்.